ஸெனோவியாவின் பெயரை எடுத்துக்கொண்டவர்

சூளைக்குள் நுழைகிற இடத்தில் விரல் வைக்கும் மெஷின் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் வைத்தால் பச்சை விளக்கு எரியும். நான் வைத்தால் சிவப்புதான். இத்தனை வருஷம் செங்கல் அடுக்கியதில் என் விரல் நுனியில் கோடு என்று ஒன்றும் மிச்சமில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. தினமும் மேஸ்திரி வந்து ஒரு பொத்தானை அழுத்தி என்னை உள்ளே விடுவார். "பிலிமோன், நீ பேங்கைக் கொள்ளையடிச்சாலும் போலீஸுக்கு உன் ரேகை கிடைக்காதுடா" என்பார். அதே வேடிக்கைதான் தினமும். நானும் தினமும் சிரிப்பேன்.

அந்த விரலை வைத்துக்கொண்டுதான் நான் நாவல் படிக்கிறேன். அந்த விரலால்தான் இந்தக் காரியமும் நடந்தது.

நாற்பது தாண்டித்தான் எனக்கு எழுத்து வந்தது. செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிற தபிதா அக்கா கற்றுக்கொடுத்தார். அக்கா விதவை. சபையில் என் பின்வரிசைக்காரர். பாட்டுப் புத்தகத்தை நான் எல்லாரும் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவதை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். எல்லாரும் எழுந்து மூன்றாம் பாட்டுக்குப் போனபோது நான் இரண்டாம் பாட்டுப் பக்கத்தையே உருக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அந்தப் பென்சிலுக்காகவே நான் கர்த்தருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

முதலில் வேதம் மட்டும்தான் படித்தேன். ஓர் அதிகாரம் முடிக்க ஒரு வாரம் ஆகும். பிறகு அக்கா எங்கள் வாசிப்புக் கூட்டத்தை ஆரம்பித்தார். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அக்கா, பஸ் ஓட்டுகிற கொர்னேல், நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவே, சபைக் கட்டடத்தின் பின்னறையில் உட்காருவோம். எங்கள் சபை வாத்தியக் குழுவின் ட்ரம்பெட்டுகளும் பெரிய குழல்களும் அந்தச் சுவரில்தான் தொங்கும். ஓர் இரும்பு அடுப்பு உண்டு. விறகைப் போட்டுவிட்டு, அவரவர் கொண்டுவந்த ரொட்டியையும் பன்றிக்கொழுப்பையும் வெங்காயத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

அக்கா டவுன் நூலகத்திலிருந்து பழைய தடித்த நாவல்களாக எடுத்து வருவார். கொர்னேல் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையிலிருந்து மெல்லிய நாவல்களாக வாங்கி வருவான். அவற்றின் அட்டையில் துப்பாக்கியோடு ஒரு பெண் நிற்பாள் என்பதால் செய்தித்தாளில் உறை போட்டு வருவான். ஒரு மாதம் அக்கா புத்தகம், ஒரு மாதம் அவன் புத்தகம்.

"என் புஸ்தகத்துல கடைசில கொலைகாரன் மாட்டிக்குவான். நியாயம் நடக்கும்" என்பான் கொர்னேல். "உங்க புஸ்தகத்துல நல்லவன் காசநோய் வந்து சாகறான், கெட்டவன் காடு வாங்கறான். எது விசுவாசிக்கு ஏத்த புஸ்தகம்? நீங்களே சொல்லுங்கக்கா."

"மாட்டினவனை யாராச்சும் ஜெயில்ல போய்ப் பாக்கறாங்களா உன் புஸ்தகத்துல?"

"அதுக்குள்ள பக்கம் முடிஞ்சிடுதே."

"அதான் சொல்றேன். நமக்கு வேலையே அதுக்கப்புறம்தான்."

"அப்ப கெட்டவன் காடு வாங்கறதுல மட்டும் நமக்கென்ன வேலை?"

"வாங்கட்டும். வாங்கிட்டுத் தூங்கறானா இல்லையான்னு எழுதியிருக்கு பாரு, அதைப் படி. அவன் தூங்காத பக்கத்தையெல்லாம் நீ தாண்டிடற."

கொர்னேல் என்னைப் பார்ப்பான். நான் யார் பக்கம் என்று அவனுக்கு எப்போதும் தெரிய வேண்டும். எனக்கு இரண்டுமே பிடிக்கும் என்று சொன்னால், "இவன் ஒருத்தன், எந்த ஸ்டாப்பிலயும் இறங்க மாட்டான்" என்பான்.

எந்தப் புத்தகமானாலும் முடிவில் அக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான். "இந்தக் கதையில ஜெபிக்க ஆளில்லாதவங்க யாரு?" அதற்குப் பதில் தேடத் தொடங்கினால் அடுப்பு அணைகிறதுகூடத் தெரியாது. ஒருமுறை ஒரு வட்டிக்கடைக்காரனைப் பற்றி மாலை ஆராதனை மணி அடிக்கும் வரை பேசினோம். இன்னொரு முறை கொர்னேல் புத்தகத்தில் சுடப்பட்டுச் செத்த காவல்காரனின் நாயைப் பற்றிப் பேசினோம். அதற்கு இனி யார் சோறு போடுவார்கள் என்று எழுதியவன் ஒரு வரிகூட எழுதவில்லை.

அறையின் சாவி, சபையின் பெரியவரான மூப்பர் எலியசாருடையது. அவருக்கு நாவல் என்றாலே ஆகாது. "நடக்காததை நடந்த மாதிரி சொன்னா அதுக்கு என்ன பேரு? பொய்னு பேரு" என்பார். ஆனாலும் அக்கா விடாமல் கேட்டதால் சாவியைக் கொடுத்தார். ஒரு நிபந்தனையும் போட்டார். "படிக்கிறது இந்தக் கதவோட நிக்கணும். அந்தப் பக்கம், சபைக்குள்ள, ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா சாவி என்கிட்ட திரும்பி வந்துடும்."

அவரைக் கண்டால் எல்லாருக்கும் கொஞ்சம் பயம். அவருக்கு தெபோரா என்று ஒரு மகள் உண்டு என்றும், கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிக்கிற ஒருவனோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டாள் என்றும், அவள் பெயர் சபையிலிருந்து நீக்கப்படுவதை அவரே எழுந்து நின்று அறிவித்தார் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் நான் இந்தச் சபைக்கு வருவதற்கு முன்னால். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை.

அந்த அறை போனால் கொர்னேலுக்கும் அக்காவுக்கும் ஒரு கூட்டம் போகும். எனக்கு வாசிப்பே போகும். நான் இருப்பது சூளையின் தங்கும் விடுதியில். ஓர் அறையில் ஆறு பேர், நாள் முழுக்க டிவி, சீட்டுக்கட்டு, ஈர சாக்ஸ். அங்கே புத்தகத்தைத் திறந்தால் "என்னடா, பாதிரியாராகப் போறியா" என்பார்கள். விதவை வீட்டில் இரண்டு ஆண்கள் உட்கார முடியாது. கொர்னேல் வீட்டில் நாலு பிள்ளைகள், பேச்சே காதில் விழாது. அதனால் அந்த அறையின் கதவைத் திறக்கும்போதெல்லாம் நன்றி சொல்லிவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பேன்.

அந்த மார்கழியில் அக்காவின் புத்தகம். அட்டை பிய்ந்துபோய் நூலகத்தில் சாம்பல் நிறத் துணி ஒட்டியிருந்தார்கள். ஸெனோவியா என்று ஒரு பெண். மாவு மில்காரரின் மகள். நிலம் அளக்க வந்தவனோடு நகரத்துக்குப் போய்விடுகிறாள். அவன் கைவிட்டுவிடுகிறான். குளிர்காலத்தில் அப்பா வீட்டுக்கே திரும்பி நடக்கிறாள். அப்பாவோ அவள் போன அன்று வாசல் கதவுக்குப் போட்ட பூட்டை இன்னும் எடுக்கவில்லை. ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஆறு உறைந்து கிடக்கிறது, படகு இல்லை.

அங்கே நான் பக்கத்தைத் திருப்பினேன். மில்காரர் வீட்டில் அவள் அறையைக் கழுவிவிடுகிறார்கள். வெள்ளைத் துணி விரிக்கிறார்கள். விளக்கேற்றுகிறார்கள். மில்காரர் தன் கையாலேயே பூட்டைத் திறந்து, கதவை விரியத் தள்ளி, குளிரில் அங்கேயே நிற்கிறார். பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக வருகிறார்கள்.

அப்பன் மனசு இளகிவிட்டது. வீடே அவளுக்காகக் காத்திருக்கிறது. அவள்தான் இன்னும் வந்து சேரவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் செங்கல் அடுக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை எங்களுக்கு ஜெபக்கூட்டம். அதில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரை ஒருவர் எழுந்து சொல்வார். இன்னொருவர் "நான் எடுத்துக்கிறேன்" என்பார். எடுத்தவர் அடுத்த வியாழன் வரை தினமும் காலையில் முழங்கால் போட்டு அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். அடுத்த வியாழன், என்ன ஆயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று சூளையில் இரண்டு ஷிப்டு சேர்ந்து பார்த்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் கண் செருகியது. யாரோ இடுப்பு ஆப்பரேஷன் என்றார்கள். யாரோ ஜெர்மனியில் வேலைக்குப் போன மருமகன் என்றார்கள். எனக்குள் அவள் மட்டும்தான் இருந்தாள். எழுந்து நின்றுவிட்டேன்.

"ஸெனோவியான்னு ஒரு பொண்ணு. வழி தவறிப் போயிட்டா. இப்ப அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துக்கிட்டிருக்கா. ஆறு உறைஞ்சு கிடக்கு. அப்பா கதவைத் திறந்து வச்சுட்டாரு, அது அவளுக்குத் தெரியாது. பத்திரமா வந்து சேரணும்."

நாவலில் வருகிறவள் என்று சொல்லத் தோன்றவில்லை. நான் முதலில் படிக்கக் கற்ற வேதத்தில் வருகிறவர்களெல்லாம் நிஜமாக இருந்தவர்கள்தானே. பின்னால் தபிதா அக்கா இருமினார். கொர்னேல் திரும்பி, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான்.

பிறகு முன்வரிசையிலிருந்து மூப்பர் எலியசாரின் குரல் வந்தது.

"நான் எடுத்துக்கிறேன்."

வெளியே வந்ததும் கொர்னேல் என் கையைப் பிடித்து நிறுத்தினான். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"என்ன பண்ணேன்?"

"கதையில வர்றவளுக்கு சபையில ஜெபம் கேட்டிருக்க. அதையும் யாரு எடுத்திருக்கா பாரு. அடுத்த வாரம் என் புஸ்தகத்துல வர்ற கொள்ளைக்காரனுக்கும் கேளு, போதகரே எடுத்துக்குவாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா மட்டும், "நம்ம கேள்விக்குத்தான் அவன் பதில் சொல்லியிருக்கான். என்ன, வேற அறையில நின்னு சொல்லிட்டான்" என்றார். நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் இரண்டு ஷிப்டு. அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குள் அவர்கள் இருவரும் புத்தகத்தை முடித்திருந்தார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை.

"எழுதினவனுக்கு இரக்கமே இல்லக்கா" என்று ஆரம்பித்தான் கொர்னேல். "தண்ணி மேல நடக்க வச்ச ஆண்டவர் நம்ம ஆண்டவர். இவன் என்னடான்னா பனிக்கட்டி மேலகூட நடக்க விட மாட்டேங்கறான்."

"பனிக்கட்டிக்கு என்ன?" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ ஆத்துல விழுந்து செத்துப்போறாளே" என்றார் அக்கா.

"எங்க? அப்பா அறையெல்லாம் கழுவி, விளக்கேத்தி, கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறாரு. ஊரே பாக்க வருது."

"பிலிமோன், அது சாவு வீடுய்யா."

அக்கா புத்தகத்தை வாங்கி விரித்தார். பக்க எண்ணைக் காட்டினார். நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. என் விரலுக்கு அது தெரியவில்லை. ஒரு தாள் என்று நினைத்து இரண்டைத் திருப்பியிருக்கிறேன்.

கொர்னேல் சிரிக்கத் தொடங்கினான். மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "செத்தவளுக்கு... மூப்பர் எலியசார்... செத்தவளுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்காரு." அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பது கிடையாது. அது எதிர்வீட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் செய்வது, தவறு என்று மூப்பரே எத்தனையோ முறை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்.

கதவு திறந்தது. மூப்பர் நின்றார். கையில் ஒரு ஜாடி ப்ளம் ஜாம். கொர்னேல் சிரிப்பை நிறுத்த, சுவரிலிருந்த ட்ரம்பெட்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

"சமாதானம்" என்றார் மூப்பர்.

"சமாதானம்" என்றோம்.

"பிலிமோன், அந்தப் பொண்ணு வந்து சேர்ந்தாளா? வியாழன் வரைக்கும் காத்திருக்க முடியல. வீட்டுல இதைக் குடுத்தனுப்பினா. வந்த புதுசுல வீட்டுல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னா."

நான் எழுந்தேன். கை புத்தகத்தின் மேல் இருந்தது. "மூப்பரே, அவ... இதுல வர்ற பொண்ணு" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காது மடல்கள் மட்டும் மெதுவாகச் சிவந்தன.

"இதுல வர்ற பொண்ணா."

"ஆமா."

"மூணு நாளா விடியறதுக்கு முன்னாடி எழுந்து முட்டி போட்டிருக்கேன். இதுல வர்ற பொண்ணுக்கா."

"அவன் வேணும்னு செய்யல மூப்பரே" என்றார் அக்கா. "களைச்சுப் போய் நின்னான்."

"கதவோட நிக்கணும்னு சொல்லியிருந்தேன், தபிதா." குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "வியாழக்கிழமை சபையில இதைச் சொல்லுவேன். சாவியை அன்னிக்குக் கொண்டு வாங்க."

போய்விட்டார். ஜாடியை மேசையிலேயே விட்டுவிட்டார். அடுப்பில் விறகு வெடித்தது. கொர்னேல், "நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

மறுநாள் சூளையில் ஸ்தெலியானிடம் சொன்னேன். என்னோடு தள்ளுவண்டி இழுக்கிறவன். ஆர்த்தடாக்ஸ். சொல்லாமல் இருந்திருக்கலாம். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "கடைசில எங்க வழிக்கு வந்துட்டீங்களே. இரு, எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லி, எங்க செத்தவங்களுக்குச் செய்யற மாதிரி உன் ஸெனோவியாவுக்கும் கோதுமை வேக வைக்கச் சொல்றேன். சர்க்கரை போட்டு, வால்நட் போட்டு, நாற்பதாம் நாள் நல்லா செஞ்சுடலாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "என்னடா, நிஜமா துக்கமா இருக்க?" என்றான். ஆமாம் என்றேன். அவளுக்காகவா அறைக்காகவா என்று கேட்டிருந்தால் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. மத்தியானம் தன் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினான்.

புதன்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. முடிந்ததும் அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஜாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அக்கா ஜாடியோடு புத்தகத்தையும் என் பையில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"கேட்டா படிச்சுக் காட்டு. கேக்கலைன்னா ஜாடியை வச்சிட்டு வந்துடு."

"அவரா கேப்பாரு?"

"மூணு நாள் ஒருத்தி பேரைச் சொல்லி முட்டி போட்டிருக்காரு, பிலிமோன்."

மூப்பர் தன் வீட்டு முற்றத்தில் பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்திருந்தார். உப்பு நீர் முழங்கை வரை. சமையலறை வாசலில் அவர் மனைவி ரெபேக்கா அம்மா துண்டோடு நின்றார். நான் ஜாடியை மரக்கட்டையின் மேல் வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. "தெரியாம சொல்லிட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

"சரி" என்றார். முட்டைக்கோஸை அமுக்கினார். நான் திரும்பினேன்.

"அவளுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"செத்துப்போயிட்டா மூப்பரே. ஆத்துல. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் பாக்கல. நான் எழுந்து பேரைச் சொன்னப்பவே அவ செத்துட்டா."

அவர் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார். "படி" என்றார்.

மரக்கட்டையில் உட்கார்ந்தோம். புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பக்கங்கள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. என் விரல் வழுக்கியது. அவர் கையை நீட்டி, கட்டை விரலால் மெல்ல நிமிண்டி இரண்டையும் பிரித்துக் கொடுத்தார். முட்டைக்கோஸ் ஈரம் ஓரத்தில் பட்டது. நூலகத்தில் திட்டுவார்கள் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நான் மெதுவாகத்தான் படிப்பேன். நீளமான வார்த்தை வந்தால் நின்று, உடைத்து, சேர்த்து, மறுபடி முதலிலிருந்து சொல்வேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ஆகவே அவள் அந்தப் பனியின் மேல் ரொம்ப நேரம் நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அக்கரையில் மில்லின் கூரை தெரிந்தது. கதவில் பூட்டு தொங்குவதும் தெரிந்தது. அவள் நின்றாள். யோசித்தாள். திரும்பிப் போகலாமா என்று ஓர் அடி பின்னால் வைத்தாள். அங்கேதான் பனி உடைந்தது.

படித்து முடித்துவிட்டு நிமிரப் பயமாக இருந்தது. வாசலிலிருந்து ரெபேக்கா அம்மா இறங்கி வந்து முற்றத்தின் நடுவில் நின்றிருந்தார்.

"அப்பன் கதவைத் திறந்து வச்சான்னு அன்னிக்குச் சொன்னியே" என்றார் மூப்பர். "எப்பத் திறந்தான்?"

"அடுத்த பக்கத்துல."

"முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி மூப்பரே. அவளைத் தூக்கிட்டு வர்றதுக்காகத் திறந்தான்."

அவர் எழுந்தார். பீப்பாய்க்குப் போனார். முட்டைக்கோஸின் மேல் பலகையை வைத்து, பலகை மேல் கல்லை வைத்தார். கல் சரியாக உட்காரவில்லை. எடுத்து வைத்தார், மறுபடி எடுத்து வைத்தார். போய்ப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். ரெபேக்கா அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

வியாழக்கிழமை சாவியை சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அன்று காலையில் அந்த அறைக்குப் போய் அடுப்பைச் சுத்தம் பண்ணி, சாம்பலைக் கொட்டிவிட்டு வந்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் எனக்குக் கிடைத்த இடம். சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்று தோன்றியது. கொர்னேல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் ஓட்டும் உடுப்பைக்கூட மாற்றவில்லை. "நானும் கூட நிக்கறேன்" என்றான்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மருமகன் போன் பண்ணினான் என்றார்கள். பிறகு மூப்பர் எழுந்தார்.

"போன வாரம் ஒரு பேரை எடுத்தேன். ஸெனோவியா. அது ஒரு புஸ்தகத்துல வர்ற பொண்ணு. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது." பெஞ்சுகளில் சலசலப்பு. ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப நான் நேத்து அழுதது?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது. "அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா. செத்தவங்களுக்கு நாம ஜெபிக்கறதில்ல. அதனால அந்தப் பேரைத் திருப்பிக் குடுக்கறேன்."

நான் சாவியைப் பைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் உட்காரவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேற ஒரு பேரு இருக்கு. தெபோரா. என் பொண்ணு. அவ உயிரோட இருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "யாராச்சும் எடுத்துக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். கொர்னேலும் திறந்தான். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ரெபேக்கா அம்மாவின் குரல் வந்தது. உரக்கச் சொல்லவில்லை.

"அதை நான் எப்பவோ எடுத்துட்டேன்."

மூப்பர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்கள் சபையில் ஜெபக்கூட்டத்தின்போது ஆண்கள் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்ப நானும் கூட வரேன்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் அவரிடம் போய் சாவியை நீட்டினேன். அதைப் பார்த்தார். தன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அந்த அறை விறகு ஈரம்" என்றார். "புகையும். எங்க கொட்டகையில காஞ்சது கிடக்கு. கொர்னேலைக் கூட்டிட்டு வந்து எடுத்துட்டுப் போ."

சாவி என் கையிலேயே இருந்தது. விடுதி வரை அதைப் பைக்குள் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காய்ந்த விறகு நன்றாக எரிந்தது. எழுதியவன் பனிக்கட்டியை ஏன் உடைத்தான் என்று அக்காவும் கொர்னேலும் மறுபடி வழக்காடினார்கள். "அவன் உடைக்கலைன்னா நான் படிச்ச மாதிரியே நல்லா முடிஞ்சிருக்கும்" என்றேன்.

"நீ படிச்ச மாதிரி முடிஞ்சிருந்தா இன்னும் பூட்டு அப்படியே தொங்கிக்கிட்டிருக்கும்" என்றான் கொர்னேல். எந்தப் பூட்டு என்று அவன் சொல்லவில்லை. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், இவனுக்கு இதெல்லாம் எப்போது வந்தது என்பது மாதிரி.

அப்போது மூப்பர் வந்தார். சமாதானம் சொன்னார். அதே ஜாடியை மேசையில் வைத்தார். பெஞ்சின் ஓரத்தில், எழுந்து போக வசதியாக, பாதி மட்டும் உட்கார்ந்தார். செய்தித்தாள் உறை போட்ட கொர்னேலின் புத்தகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதுல யாராச்சும் சாகறாங்களா?"

"முதல் பக்கத்துலயே மூப்பரே" என்றான் கொர்னேல்.

"பேரு?"

கொர்னேல் சொன்னான். மூப்பர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"படி" என்றார். "பக்கத்தை நான் திருப்பறேன்."

தபிதா அக்கா ஜாடியைத் திறந்து ரொட்டியில் தடவ ஆரம்பித்தார். நான் முதல் வார்த்தையை உடைத்து, சேர்த்து, படித்தேன்.